வெள்ளை பூத்த கிளாம்பு

ஒரே தொட்டி, ஒரே துத்தநாகம், ஒரே நாள், ஒரே பெட்டி. ஆனாலும் கிளாம்புகளின் வெளிப்பக்கம் பளபளவென்று இருக்க, ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்த உள்பக்கம் மட்டும் யாரோ பவுடர் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி வெளுத்துப்போயிருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் பூச்சு அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருந்தது.

டேப்பக்கா அதை மேசையில் வைத்துப் பத்து நிமிஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கிங் பிரிவுக்கு அவள்தான் தலைவி. இடது மணிக்கட்டில் வளையலுக்குப் பதிலாக எந்நேரமும் ஒரு டேப் சுருள் தொங்கும். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

கிளாம்பு ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. சோலார் பேனலைக் காற்று தூக்கிக்கொண்டு போகாதபடி சட்டத்தோடு பிடித்து வைக்கிற உள்ளங்கை அகல இரும்புத் துண்டு. ‘ப’ எழுத்துபோல் வளைந்திருக்கும். இரும்பு துருப்பிடிக்கும் என்பதால், உருகிக் கொதிக்கிற துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். துத்தநாகம் இரும்பின்மேல் சட்டைபோல் ஒட்டிக்கொண்டு, வருகிற துன்பத்தையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட பரோபகாரி, கப்பலில் ஏறி நாற்பது நாளில் இப்படிக் கிழடுதட்டிப் போவதற்கு என்ன காரணம் என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை.

பெட்டி விமானத்தில் வந்திருந்தது. பூமியின் சூட்டைத் தணிக்கப் புறப்பட்ட கிளாம்பில் குறை இருக்கிறது என்று நிரூபிக்க, வெளிநாட்டுக் கம்பெனி பதினெட்டுக் கிலோ இரும்பை ஆகாய மார்க்கமாகத் திருப்பி அனுப்பியிருந்தது. உள்ளே ஒரு கடிதம். அதன் கடைசி வரி: ‘காகிதத்தைச் சேமிப்போம், இக்கடிதத்தை அச்சிட வேண்டாம்.’ கெட்டியான தாளில் அழகாக அச்சிட்டிருந்தார்கள்.

முதலாளி அறைக்குள் நடந்துகொண்டே பேசினார். உட்கார்ந்து பேசினால் அவருக்குக் கோபம் வராது.

“மூணு கன்டெய்னர் போச்சு. மூணும் வெளுத்துப்போய் இறங்கியிருக்கு. நாலாவது முப்பத்தெட்டு நாள்ல கிளம்பணும். அதுவும் வெளுத்துச்சுன்னா அவனுக வேற ஆளைப் பாத்துக்குவாங்க. அதுக்கு முன்னாடி நான் பேக்கிங்கை வெளியே குடுத்துருவேன்.”

“வெளியேன்னா யார்கிட்ட சார்?” என்று கேட்டாள் டேப்பக்கா.

“ஒருத்தன் மிஷின் வெச்சிருக்கான். இந்தப் பக்கம் போட்டா அந்தப் பக்கம் பெட்டியா வருது. ஆளே வேணாம்.”

ஆளே வேண்டாம் என்றால் அவளும், அவளோடு பதினொரு பெண்களும் வேண்டாம் என்று அர்த்தம்.

“பேக்கிங்னாலதான் வெளுக்குதுன்னு யாரு சார் சொன்னது?”

நாற்காலியில் சாய்ந்திருந்த ஆலோசகர் தொண்டையைச் செருமினார். ஆறு மாதமாக அந்தக் கம்பெனியைப் பசுமையாக்கிக்கொண்டிருப்பவர் அவர். அவர் காட்டுகிற படங்களில் எல்லாம் ஓர் அம்புக்குறி கீழிருந்து மேலே போகும் என்பதால், பேக்கிங் பெண்கள் அவருக்கு ‘அம்புக்குறி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“கைவேர்வைம்மா,” என்றார் அவர். “மனுசக் கையில உப்பு இருக்கு. உப்பு துத்தநாகத்துக்கு எதிரி. உங்க ஆளுங்ககிட்ட உலகத்தரமான மனப்பான்மை இல்ல. அதுதான் அடிப்படை.”

“மனப்பான்மை வேர்க்குமா சார்?”

முதலாளி சிரிப்பை மென்று முழுங்கினார். மறுநாளே பன்னிரண்டு ஜோடிக் கையுறை வந்தது.

டேப்பக்கா கையுறையை மாட்டிக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். தொட்டியண்ணன் அங்கேதான் இருப்பார். இருபது வருஷமாகத் துத்தநாகக் கொதிப்பின் பக்கத்தில் நின்று நின்று புருவமே இல்லாமல் போன மனிதர்.

“அண்ணே, உங்க பூச்சு மெலிசாயிருச்சா?”

“வா தாயி, வா. கடைசியில என் தலையில கட்டவா வந்த?” அளவு மானியை எடுத்துக் கிளாம்பின்மேல் வைத்துக் காட்டினார். “பாரு. கேக்கறதுக்கு மேலயே இருக்கு. நான் முழுச் சட்டை போட்டுத்தான் அனுப்பறேன். நீ பெட்டியில வெச்சு என்ன பண்றியோ?”

“நான் என்ன பண்றேன்? அடுக்கறேன், மூடறேன், டேப் ஒட்டறேன்.”

“அப்ப உன் டேப்புதான் காரணம்.”

“உங்க புருவம் போனதுக்கும் என் டேப்புதான் காரணம்னு சொல்லுங்க.”

சண்டை போட்டாலும் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவானது. பூச்சு கனமாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் பூச்சுக்குப் பிறகு ஒரு மஞ்சள் மருந்தில் கிளாம்பை முக்குவார்கள். அது வெளுக்க விடாது. ஆனால் அது விஷம். வாங்குகிற கம்பெனி நிறுத்தச் சொன்னது, நிறுத்தினார்கள். நல்ல காரியம்தான். தினமும் அந்த ஆவியை மூச்சில் வாங்கிய தொட்டியண்ணனே அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மருந்தை நிறுத்தி இரண்டு வருஷமாகியும் ஒரு கிளாம்புகூட வெளுக்கவில்லை. வெளுப்பது இந்த மூன்று கன்டெய்னராகத்தான். அப்படியானால் நடுவில் எதுவோ மாறியிருக்கிறது.

அந்த வாரமே முதலாளி அவளை ஒரு கருத்தரங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலைப்பு: ‘பசுமை உற்பத்தியில் பன்னாட்டு வணிக வாய்ப்புகள்.’ நட்சத்திர ஹோட்டலில், ஸ்வெட்டர் போட்டாலும் பல் கிட்டுகிற குளிரில் வைத்துப் புவி வெப்பமடைவதைப் பற்றிப் பேசினார்கள். மேடையில் ஐந்து பேர். ஐவரும் ‘வாய்ப்பு’ என்றார்கள். ஒருவர் அதைக் கடல் என்றார், இன்னொருவர் வானம் என்றார். கடலில் நாற்பது நாள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கேள்வி நேரத்தில் டேப்பக்கா எழுந்து நின்றாள். முதலாளி அவள் கையைப் பிடித்து இழுப்பதற்குள் மைக் வந்துவிட்டது.

“சார், எங்க சோலார் கிளாம்பு கப்பல்ல போனா வெள்ளையா பூக்குது. ஏன்?”

மேடையின் நடுவில் இருந்தவர் மைக்கை நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

“மிக அருமையான கேள்வி. இதை நாம முழுமையான ஒரு சூழல் அமைப்பா பாக்கணும்.”

“பாத்தா வெளுக்காதா சார்?”

அரங்கம் சிரித்தது. “நேரமின்மை காரணமாக” என்று அறிவித்து எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டார்கள். அம்புக்குறி வரிசையில் வந்து அவள் காதருகே சொன்னார். “இந்த மாதிரி இடத்துல பிரச்சினையைப் பத்திப் பேசக்கூடாதும்மா. சவால்னு சொல்லணும்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு முடிவு செய்தாள். வெளுப்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலில் தானே ஒரு கிளாம்பை வெளுக்கவைக்க வேண்டும். சமையலறையிலிருந்து நான்கு டிபன் பாக்ஸ்களை எடுத்தாள். முதல் பெட்டியில், கையுறை போட்டு எடுத்த இரண்டு புதுக் கிளாம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் குழாய்த் தண்ணீரில் நனைத்து மூடினாள். இரண்டாவதில் அதேபோல் உப்புத் தண்ணீர். மூன்றாவதில், நாள் முழுக்க வெறுங்கையால் தடவித் தடவி வேர்வை ஏற்றிய ஜோடி. நான்காவதுக்குக் கையில் கிளாம்பு மிச்சமில்லை. ஜன்னல் ஆடாமலிருக்க ஒரு வருஷமாக முட்டுக்கொடுத்திருந்த இரண்டு பழைய கிளாம்புகளைப் பிடுங்கி, நனைத்துப் போட்டாள்.

அவள் கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அலமாரியைத் திறந்து பார்த்தான்.

“என்னடி இது, நாலு டப்பாவையும் பூட்டி வெச்சிருக்க? எனக்குச் சாப்பாடு எதுல?”

“கையில வாங்கிட்டுப் போ.”

“இரும்பை ஊறப்போட்டுட்டு புருசனைப் பட்டினி போடறவளை இப்பதான் பாக்கறேன்.” பெட்டியை ஆட்டிப் பார்த்தான். “தண்ணி எதுக்கு ஊத்தின? உங்க கன்டெய்னர் மூடிச் சீல் வெச்சதாச்சே. அதுக்குள்ள ஏது தண்ணி?”

அவளும் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றாள். “அதானே?”

“மரப் பலகை போடுவீங்கல்ல, அடியில? அட்டைப்பெட்டி இருக்குல்ல? ரெண்டும் ஈரத்தைக் குடிச்சு வெச்சிருக்கும். பகல்ல வெயில் அடிச்சா ஈரம் ஆவியாகி வெளிய வரும். ராத்திரி குளிர்ந்தா, ஃபிரிட்ஜ்லருந்து எடுத்த பாட்டில் வேர்க்குதே, அந்த மாதிரி உங்க இரும்பு வேர்க்கும். வேர்க்கறது உங்க கை இல்ல, கிளாம்பு.”

டேப்பக்கா கணவனை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அன்றைக்கு அவனுக்குப் புது டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் பெட்டிகளைத் திறந்தாள். கையுறை ஜோடி வெளுத்திருந்தது. உப்பு ஜோடி வெளுத்திருந்தது. வேர்வை ஜோடியும் வெளுத்திருந்தது. நான்காவது பெட்டியில் இருந்த ஜன்னல் கிளாம்புகளில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளையில்லை. மங்கிய சாம்பல் நிறத்தில், ஒன்றும் நடக்காததுபோல் படுத்திருந்தன.

அப்படியானால் உப்பும் இல்லை, வேர்வையும் இல்லை, கடலும் இல்லை. புதிது வெளுக்கிறது, பழையது வெளுக்கவில்லை. இனிக் கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாள் ஆனால் பழையது?

இதற்குப் பதில் தொழிற்சாலை முழுக்கச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு கிளாம்பிலும் தொட்டியில் முக்கிய தேதியைச் சின்னதாகக் குத்தியிருப்பார்கள். டேப்பக்கா அலுவலக மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்ததை எடுத்தாள். கேட்டில் காவலாளி சட்டை மாட்டுவதற்கு அடித்திருந்ததைக் கழற்றினாள். கேன்டீன் மேசையின் ஆடுகிற காலுக்குக் கீழே இருந்ததை உருவினாள். மேசை ஆடியது, டீ கொட்டியது, திட்டு விழுந்தது. இரண்டு நாள், ஆறு நாள், பத்து நாள், பதினைந்து நாள், இருபத்தொரு நாள், ஒரு மாதம் என்று வயதுவாரியாக ஜோடி சேர்த்து, நனைத்துச் செருகி, இந்த முறை பேக்கிங் பெண்களின் டிபன் பாக்ஸ்களில் அடைத்தாள். ஐந்து நாள் அந்தப் பிரிவு முழுக்கப் பாலிதீன் பையில் சாப்பிட்டது. அம்புக்குறி அதைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி ஒரு சுற்றறிக்கை விட்டார்.

பத்தாம் நாள் பெட்டிகளைத் தொட்டியண்ணன் முன்னாலேயே திறந்தாள். இரண்டு நாள் கிளாம்பு மாவாகக் கொட்டியது. ஆறு நாளுடையது பாதி வெளுத்திருந்தது. பத்தில் திட்டுத்திட்டாக, பதினைந்தில் ஓரத்தில் லேசாக. இருபத்தொன்றில் எதுவும் இல்லை. மாதமானதிலும் இல்லை.

தொட்டியண்ணன் வெறும் நெற்றியைத் தூக்கினார். “இரு, இரு. இதை எங்கியோ படிச்சிருக்கேன்.”

எழுந்தார். இத்தனை வருஷமாகத் தான் உட்கார்ந்துகொண்டிருந்த துத்தநாகக் கட்டியின் கீழிருந்து, அந்தக் கட்டியோடு வந்த விளக்கத் தாளை உருவினார். எழுத்து எறும்பு வரிசைபோல் இருந்தது. இருவரும் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான். புதுத் துத்தநாகம் ஈரத்தையும் காற்றையும் கண்டால் முதலில் பொடிந்து வெள்ளையாகத் தொடங்கும். அந்த நேரத்தில் காற்றில் இருக்கிற கரியமிலவாயு அதற்குக் கிடைத்தால், பொடி இறுகி மெல்லிய சாம்பல் தோலாகப் படியும். தோல் வந்த கிளாம்பு இந்த மாதிரி ஈரத்துக்கெல்லாம் அசையாது. காற்று நுழையாத இடுக்கில் ஈரம் மட்டும் தங்கி, கரியமிலவாயு போய்ச் சேராவிட்டால் தோல் கட்டாது. பொடியாகிக்கொண்டே இருக்கும், பூச்சு முழுக்கத் தின்று தீருகிறவரை. அதனால்தான் வெளிப்பக்கம் தப்பியது, செருகின உள்பக்கம் வெளுத்தது.

“அப்ப ரெண்டு வருசம் ஏன் வெளுக்கல?” என்று கேட்டார் தொட்டியண்ணன்.

டேப்பக்கா ஜன்னல் வழியே வெளியே கையைக் காட்டினாள்.

வெளியே புல்தரை இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு அங்கே ஒரு கொட்டகை. தொட்டியிலிருந்து வருகிற கிளாம்புகளை வரிசை வரிசையாகக் கம்பியில் மாட்டி வைப்பார்கள். லாரி மாதம் ஒருமுறை வரும் என்பதால் மூன்று வாரம், நான்கு வாரம் காற்றாடத் தொங்கிக்கொண்டிருக்கும். அம்புக்குறி வந்ததும் அதைப் பார்த்து, ‘சும்மா நிற்கிற சரக்கு, வீணாகிற இடம்’ என்று அறிக்கை எழுதினார். கொட்டகை போயிற்று. தொட்டியிலிருந்து நேரே பெட்டிக்கு என்று முறை வந்தது. காலி இடத்தில் புல் வளர்த்து, சுழன்று சுழன்று தண்ணீர் தெளிக்கிற குழாய் வைத்து, நடுவே பத்து சோலார் பேனல்களைச் சாய்வாகத் தூக்கி நிறுத்தினார்கள். பேனலில் ஒயர் இல்லை. அது படம் எடுப்பதற்கு. ஆலைக்கு மின்சாரம் சுவருக்குப் பின்னால் இருக்கிற டீசல் ஜெனரேட்டரிலிருந்து வந்தது.

சும்மா நின்றதாக அவர் நினைத்த சரக்கு அந்த மூன்று வாரமும் வேலைதான் செய்துகொண்டிருந்தது.

முதலாளி அறையில் டேப்பக்கா டிபன் பாக்ஸ்களை வரிசையாகத் திறந்து வைத்தாள். முதலாளி ஒவ்வொன்றையும் தேய்த்துப் பார்த்தார். அம்புக்குறிக்கு முகம் சுண்டியது.

“இதை நான் ஒத்துக்க முடியாது. கரியமிலவாயு நம்ம எதிரி. உலகமே அதைக் குறைக்கப் பாடுபடுது. நம்ம பொருளுக்கு அது தேவைன்னு நானே எப்படி அறிக்கையில எழுதறது?”

“எழுத வேணாம் சார். தொங்கவிட்டாப் போதும்.”

“வெளிநாட்டுக்காரங்க மூணு நாள்ல வர்றாங்க. புல்தரையில வெச்சுத்தான் வரவேற்பு. விளம்பரப் புத்தகத்தோட அட்டையே அந்தப் புல்லுதான்!”

முதலாளி புல்லையும் பார்த்தார், வெள்ளைப் பொடியையும் பார்த்தார். “அவங்க வந்துட்டுப் போகட்டும். அப்பறம் யோசிப்போம்,” என்றார்.

வந்துவிட்டுப் போகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று டேப்பக்காவுக்குத் தெரியும். தேநீர், கைகுலுக்கல், அறிக்கை, அதன்மேல் இன்னோர் அறிக்கை. அதற்குள் நாள் ஓடிவிடும். கன்டெய்னர் கிளம்ப இருபத்தைந்து நாள்தான் மிச்சம். தேவை இருபத்தொன்று. அந்தக் கன்டெய்னருக்கான கிளாம்புகள் பேக்கிங் அறையில் மலையாகக் குவிந்திருந்தன. இப்போதே தொங்கினால் உண்டு.

வெளிநாட்டுக்காரர்கள் வருகிற அன்று காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். தண்ணீர்க் குழாயை முதலில் அடைத்தார்கள். பழைய கம்பிச் சட்டங்களைக் கிடங்கிலிருந்து தூக்கிவந்து, ஒயரில்லாத பேனல்களுக்கு அடியில் நட்டார்கள். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். தொட்டியண்ணன் முனகிக்கொண்டே வந்து கிளாம்புக் கூடைகளைத் தள்ளினார். எட்டு மணிக்குள் பத்து பேனலும் ஓர் உருப்படியான வேலை பார்க்க ஆரம்பித்திருந்தன, கூரையாக.

முதலாளி காரைவிட்டு இறங்கி நேரே டேப்பக்காவிடம் வந்தார்.

“யாரைக் கேட்டு இதைப் பண்ணின?”

“கேட்டா யோசிப்போம்னு சொல்வீங்க சார். கிளாம்பு யோசிக்காது, வெளுத்துரும். வேணாம்னா சொல்லுங்க, இப்பவே இறக்கிப் பெட்டியில போட்டுடறோம். நாலாவதும் வெளுத்துப்போய் இறங்கும். மிஷின்காரனுக்கு அப்ப போடறதுக்குக் கிளாம்பும் இருக்காது.”

கேட்டில் வெளிநாட்டுக்காரர்களின் கார் நுழைந்தது. முதலாளி அம்புக்குறியைப் பார்த்தார். அம்புக்குறி ஒரு நொடி விழித்தார். ஒரே ஒரு நொடிதான். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி விருந்தாளிகளை நோக்கி நடந்தார்.

“வாருங்கள், வாருங்கள். இதுதான் எங்கள் புதிய கண்டுபிடிப்பு. ரசாயனம் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், இயற்கைக் காற்றாலேயே உலோகத்தைப் பக்குவப்படுத்தும் தொழில்நுட்பம். காற்றிலிருக்கும் கரியமிலவாயுவையே பிடித்துப் பயன்படுத்துகிறோம்!”

விருந்தாளிகள் ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி கிளாம்பைக் கழற்றி உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, “இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்” என்றார். அதற்கும் அம்புக்குறிதான் நன்றி சொன்னார்.

“பாத்தியா தாயி, உன் கொடிக்கம்பியைத் தொழில்நுட்பமாக்கிட்டான்,” என்று தொட்டியண்ணன் பல்லைக் கடித்தார்.

“வெச்சுக்கட்டும்ணே. கழட்டச் சொல்லல பாருங்க.”

முப்பத்தெட்டாம் நாள் கன்டெய்னர் கிளம்பியது. அடுத்த நாற்பது நாளும் பன்னிரண்டு பெண்களும் அம்புக்குறியின் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்கள். போடாமலிருந்து வெளுத்தால், அதற்கும் தங்கள் கைதான் காரணம் என்பார்கள். நாற்பத்திரண்டாம் நாள் படங்கள் வந்தன. பெட்டியைப் பிரித்து, செருகலைப் பிரித்து, உள்பக்கத்தை நெருக்கமாக எடுத்த படங்கள். சாம்பல் நிறம். ஒரு பொட்டு வெள்ளையில்லை. மிஷின்காரன் அன்று மாலை கொட்டேஷனோடு வந்து, கேட்டிலிருந்தே திரும்பிப் போனான்.

அம்புக்குறி அந்த மாதமே வேறொரு நாட்டில் ஒரு கண்காட்சிக்குப் போய், ‘காற்றுவழிப் பக்குவம்’ என்று இருபது படங்கள் காட்டிவிட்டு வந்தார். எல்லாவற்றிலும் அம்புக்குறி மேலே போனது. எத்தனை நாள் தொங்கவிட வேண்டும் என்று மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. அவருக்கு அது தெரியாது.

டேப்பக்கா அதை ஓர் அட்டையில் எழுதி, நான்கு மூலைக்கும் டேப் ஒட்டிக் கம்பிச் சட்டத்தில் மாட்டினாள்:

‘தொட்டியிலிருந்து வந்த கிளாம்பை உடனே பெட்டியில் போடாதே. கூரைக்கு அடியில், நனையாமல், ஒன்றையொன்று தொடாமல், காற்றோட்டமாக இருபத்தொரு நாள் தொங்கவிடு. தேதியைப் பார்த்து எடு. காய்ந்த பலகையில், காய்ந்த பெட்டியில், இரண்டு கிளாம்புக்கு நடுவே ஒரு தாள் வைத்து அடுக்கு. வெளுக்காது.’